சிவப்பு மூடிக் குப்பியில் ஒரு சொட்டு

வெலிபோரின் குடலிலிருந்து எடுத்த சதைமொட்டு ஒரு பட்டாணி அளவுதான் இருந்தது. அதற்குள் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று அளக்கப்போன ஆஸ்பத்திரி இயந்திரம், எண்ணைக் காட்டுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விட்டது. எண் உண்மை. அதைச் சொன்ன டாக்டர் நெவெங்காவுக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. பெருமூச்சை மட்டும் ஷ்லிவார் ஊர்க்காரர்கள் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் எல்லாம் நல்லபடியாக முடிந்து, சிரிக்கத் தெம்பு வந்த பிறகு.

டாக்டர் நெவெங்கா அந்த வசந்த காலத்தில் ஷ்லிவாருக்கு வந்தது ஆராய்ச்சிக்காக. மனிதக் குடலின் உள்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னச் சதைமொட்டுகள் முளைக்கும். பாலிப் என்பார்கள். பெரும்பாலும் சாது. ஆனால் சிலது வருஷக்கணக்கில் கவனிப்பாரில்லாமல் கிடந்தால் புற்றுநோயாகிவிடும். அதற்குள் கத்தரித்து எடுத்துவிட்டால் தொல்லை விட்டது. உடம்புச் சதையில் தூசியளவுக்கு ஒட்டிக்கிடக்கும் செம்பு, துத்தநாகம், இரும்பு இவற்றுக்கும் இந்த மொட்டுகளுக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. செம்புக் கொப்பரையில் காய்ச்சிய ராக்கியா என்ற ப்ளம்ஸ் சாராயத்தைத் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குடித்து வளர்ந்த ஊர் எது என்று அவர் விசாரித்தபோது, ஜில்லா முழுக்க எல்லா விரலும் ஷ்லிவார் பக்கமே நீண்டன.

ஊரில் வீட்டுக்கு வீடு ப்ளம்ஸ் தோட்டம் உண்டு. கொப்பரை ஒன்றுதான், அது வெலிபோருடையது. அவருடைய தாத்தா காலத்துச் செம்பு. ஏதோ ஒரு போரில் பட்டாளத்துக்குப் பயந்து தாத்தா அதற்குள் ஒளிந்துகொண்டாராம். தேடி வந்த சிப்பாய்களும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, வாசனை பிடித்துப்போய் உள்ளேயே இறங்கிவிட்டார்களாம். போர் முடிந்த செய்தி அவர்களுக்கு எட்டும்போது எதிர்ப்பக்கத்து ஆட்களும் அங்கே இடம் பிடித்திருந்தார்களாம். வெலிபோர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தசைகூட அசையாது. இலையுதிர் காலத்தில் ஊர் முழுவதும் தன் ஊறலைப் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து அவர் கொட்டகையில் வரிசையில் வைக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. வெலிபோர் நெருப்புப் போடுவார், முதல் வடியை ருசி பார்த்து, சரி என்று தலையாட்டுவார். அவர் தலையாட்டிய பிறகுதான் அது ராக்கியா. அதற்கு முன் அது வெறும் ஆவி.

பரிசோதனை இலவசம் என்றதும் முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தவர் புடிமிர். வெலிபோரின் கல்யாணத்தில் சாட்சியாக நின்ற கூம் அவர். அந்த ஊரில் கூம் என்பவர் உடன்பிறப்புக்கு ஒரு படி மேல். அவரை யாரும் கைநீட்டி ஒரு குறை சொல்லக் கூடாது. அதனால் வெலிபோர் முப்பத்தைந்து வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் புடிமிரைப் போன்ற கஞ்சனை அந்த ஆற்றங்கரை கண்டதில்லை. கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். அது மறுநாளே நின்றுவிட்டது. ரிப்பேர் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போனவர், ரிப்பேர் செய்து தன் வீட்டுச் சுவரிலேயே மாட்டிக்கொண்டார். சொந்த அப்பாவின் கல்லறையில்கூட புட்டியைச் சாய்த்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, சத்தத்தை மட்டும் கேட்கவிட்டவர்.

கல்லறை என்றில்லை. ஷ்லிவாரில் யாரும் கோப்பையை வாயில் வைப்பதற்கு முன் செத்தவர்களுக்கென்று ஒரு சொட்டுத் தரையில் விடாமல் குடிக்க மாட்டார்கள். ராக்கியாவின் முதல் சொட்டு போனவர்களுக்கு, மிச்சம் இருப்பவர்களுக்கு. இந்த எல்லா விவகாரமும் அந்தச் சொட்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பதை மட்டும் குடிக்கலாம் என்று சொல்லியனுப்பினார் டாக்டர். ராக்கியாவைவிடத் தெளிவானது அந்த ஊரில் எதுவும் இல்லாததால், அவரே மறுபடி காரெடுத்து வந்து விளக்கவேண்டியதாயிற்று. அது போகட்டும். ஊரில் முதல் ஆளாக வெலிபோர் தன் முறைக்குப் போனார், இடது பக்கம் சரிந்து படுத்தார், குழாய் போனது, வந்தது. எழுந்து உடை மாற்றிக்கொண்டு வந்தபோது மேஜையில் விரல்நீளப் பிளாஸ்டிக் குப்பிகள் இரண்டு நின்றன.

"சிவப்பு மூடியில இருக்கறது உங்க மொட்டு," என்றார் டாக்டர் நெவெங்கா. "வெள்ளை மூடியில, அதுக்குப் பக்கத்துல இருந்த நல்ல சதையில ஒரு துணுக்கு. ரெண்டுலயும் என்ன உலோகம் எவ்வளவு இருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்கப்போறேன். உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு, வளைவுல ஒளிஞ்சுக்கிட்டு. இன்னிக்கு எடுக்க வரல. இன்னொரு நாள் கண்டிப்பா வரணும், சரியா?"

"ப்ளம்ஸ் முடியட்டும் டாக்டரம்மா."

"ப்ளம்ஸ் இன்னும் பூக்கவே இல்லையே!"

"அதான் சொல்றேன். இன்னும் வேலையே ஆரம்பிக்கல."

டாக்டர் அடுத்தவரைப் பார்க்கப் போனார். வெலிபோர் சிவப்பு மூடிக் குப்பியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அறையில் இருந்த நர்ஸ் ஸாகோர்கா ஷ்லிவாரில் பிறந்தவள்.

"இது இனிமே எங்க போகும் ஸாகோர்கா?"

"ஃப்ரீசருக்கு அண்ணே."

"அப்புறம்?"

"அமிலத்துல போட்டுக் கரைப்பாங்க."

வெலிபோர் தொப்பியைக் கழற்றினார். "அறுபத்தோரு வருஷம் என்கூட இருந்துச்சு. எனக்கு முந்தி அது போகுது."

"மொட்டுக்கு அவ்வளவு வயசெல்லாம் இருக்காது அண்ணே. அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"அப்ப சின்னப் பிள்ளை. இன்னும் பாவம்."

கோட்டின் உள்பையிலிருந்து தட்டைப் புட்டியை எடுத்தார். சிவப்பு மூடியைத் திருகி, ஒரே ஒரு சொட்டு விட்டார். உன்னுடைய ஆன்மாவுக்கு என்று முணுமுணுத்தார். மூடினார். ஸாகோர்கா தடுத்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்தது கார் நிறுத்துமிடம் மட்டும்தான். அதையே நெடுநேரம் பார்த்தாள். மனிதன் தன் உடம்பில் ஒரு துண்டை வழியனுப்பும்போது குறுக்கே நிற்க அவளை யாரும் வளர்க்கவில்லை.

செய்தி காப்பிக் கோப்பைகள் வழியாக ஊரைச் சுற்றியது. அதன் பிறகு ஷ்லிவாரிலிருந்து போன ஆணும் பெண்ணும் உள்பையில் புட்டி இல்லாமல் போகவில்லை. வெள்ளை மூடிக் குப்பியை யாரும் தொடவில்லை. அது நல்ல சதை. அங்கே துக்கம் ஏதும் இல்லையே.

புடிமிர் மட்டும் சொட்டு விடவில்லை. "போனது போனதுதான்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் முடிந்தது. ப்ளம்ஸ் மரத்தடிகள் நீலமாகின. பொறுக்கி, கொட்டை நீக்கி, பீப்பாய்களில் நிரப்பி, ஊறல் பொங்கிப் பொங்கி அடங்கும் பக்குவத்துக்கு வந்த வேளையில், சுகாதார அலுவலகத்திலிருந்து ஒப்ராட் என்ற அதிகாரி வந்து வெலிபோரின் கொப்பரைக்குச் சீல் வைத்தார்.

ஈயச் சீல். கம்பி போட்டு முறுக்கியது. மூடிக்கும் கொப்பரைக் கழுத்துக்கும் நடுவே அது தொங்குவதைப் பார்த்து வெலிபோர் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா சொன்ன கணக்கு அப்படி," என்றார் ஒப்ராட். "இந்த ஊர்க்காரங்க மொட்டுல செம்பு கொட்டிக்கிடக்காம். பக்கத்துச் சதையில ஒண்ணுமில்லையாம். செம்பு நேரா மொட்டுலதான் போய்ச் சேருதுன்னா, அது எங்கருந்து வருது? மேலிடத்துல கேட்டாங்க. எல்லாரும் உங்க கொப்பரையத்தான் சொன்னாங்க. சோதனை முடியறவரைக்கும் நெருப்பு வைக்கக் கூடாது."

"ஊறல் காத்திருக்காதுய்யா. இன்னும் கொஞ்ச நாள்ல காடியாயிடும்."

"தெரியும்," என்றார் ஒப்ராட். வரிசையில் நின்ற பீப்பாய்களில் நான்கு அவருடைய மாமனாருடையவை. சீலை வைத்துவிட்டு, சாவு வீட்டில் செய்வதுபோல் வெலிபோரின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

ஊர் மொத்தத்தின் வருஷமும் அந்தப் பீப்பாய்களில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், வெலிபோருக்கு உள்ளுக்குள் ஒரு முள். அவர் தலையாட்டி அனுப்பிய ராக்கியாதான் ஊரின் குடலில் மொட்டாக முளைக்கிறதா? தெருவில் நடக்கும்போது எதிரே வருபவர்களின் வயிற்றைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஸ்தாமெனா பன்றிக்கொழுப்பில் வதக்கிய மிளகாயைக் கொண்டுவந்து வைத்தாள். அதையும் தள்ளிவிட்டார்.

"ஏன் மனுஷா, சீல் கொப்பரைக்கா, உன் வாய்க்கா?"

"ஊருக்கு விஷம் வச்சவன்னு சொல்வாங்க ஸ்தாமெனா."

"சொல்லட்டும். அப்படிப் பார்த்தா முதல்ல செத்திருக்கவேண்டியது உன் கூம். ஊர்ல எல்லாரும் ஒரு பங்கு குடிச்சா, அவரு எல்லார் வீட்டுலயும் போய் ஒரு பங்கு குடிக்கிறார்."

இதைச் சொன்னதோடு அவள் அந்தப் பேச்சை மறந்துவிட்டாள். அவரும் மறந்துவிட்டார்.

டாக்டர் நெவெங்கா நேர்மையான பெண். ஊரார் கேட்டதும், கலாச்சார மண்டபத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் விளக்கச் சம்மதித்தார். கண்ணில் களைப்பும் களிப்பும் ஒருசேர இருந்தன. இரண்டு வருஷத்து உழைப்பு. செம்பு மொட்டுக்குள் இப்படிக் குவிவதை உலகத்தில் யாரும் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த மாதம் வியன்னாவில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் அவர் இதைக் கட்டுரையாகப் படிக்கவேண்டும். சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். மேலே கொசுக்கூட்டம் போல சிவப்புப் புள்ளிகள், கீழே அடக்க ஒடுக்கமாக வெள்ளைப் புள்ளிகள்.

"சிவப்பு உங்க மொட்டு. வெள்ளை, நல்ல சதை. வித்தியாசத்த நீங்களே பாருங்க."

வெலிபோர் கடைசி வரிசையில் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் படத்தின் அடியில், வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே, வழி தவறி வந்தது போல ஒரே ஒரு சிவப்புப் புள்ளி கிடப்பது அவர் கண்ணில் பட்டது.

"அது யாரு டாக்டரம்மா? கீழ கிடக்கற ஆளு?"

"பேரு சொல்லக் கூடாது. ஆனா அது ஒண்ணுதான் எனக்கும் புரியல. எல்லாருக்கும் செம்பு ஏறியிருக்கு, இவருக்கு மட்டும் சுத்தமா இல்ல."

"குடிக்காத ஆளோ என்னமோ," என்றார் யாரோ.

"குடிக்காதவரா?" டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டப்போ, 'யாரோடதுங்கறதப் பொறுத்து'ன்னு சொன்னார்."

மண்டபத்திலிருந்த எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் புடிமிர் பக்கம் திரும்பின. சட்டைக் காலர்கள் உரசிய சத்தம் வெளியே மாட்டுக்குக் கேட்டது. புடிமிர் எழுந்து நின்றார்.

"என்னய்யா பார்க்கறீங்க? ஆமா, நான்தான். என் மொட்டு சுத்தம். அதுக்கென்ன?"

"அதெப்படி உனக்கு மட்டும் சுத்தம்?" என்று கத்தினாள் ஸ்தாமெனா. "எங்க எல்லாரவிடவும் நீதான குடிக்கற! உன் மொட்டு செம்பு அண்டாவால்ல இருந்திருக்கணும்!"

"வழியனுப்புறப்ப ஒரு சொட்டுகூட விடாத ஆளு," என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் தலையிலடித்துக்கொண்டார். "செத்த அப்பனுக்கே விடல. மொட்டுக்கா விடப்போறான்?"

சிரிப்பு எழுந்தது. எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் டாக்டர் நெவெங்காவின் கையிலிருந்த கோல் கீழே விழுந்திருந்தது.

"என்ன சொட்டு?" என்றார் அவர்.

ஸாகோர்கா ஜன்னலைத் தேடினாள். மண்டபத்தில் அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை.

வெலிபோர் எழுந்தார். "டாக்டரம்மா, உடம்புலருந்து ஒரு துண்டு போகுது. சும்மா அனுப்ப முடியுமா? சிவப்பு மூடியத் திறந்து ஒரு சொட்டு விட்டோம். எல்லாரும். முதல்ல விட்டது நான்."

"எதை?"

"நம்ம ராக்கியாவத்தான். வேற எதை?"

டாக்டர் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்தார். செம்புக் கொப்பரையில் காய்ச்சியது. பட்டாணியளவு சதை. அதன்மேல் ஒரு சொட்டு. தூசியிலும் தூசியை அளக்கிற இயந்திரம். அவர் குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியிருந்தார், உலோகமே படாமல் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்திருந்தார், மூச்சைக்கூட முகத்தைத் திருப்பித்தான் விட்டிருந்தார். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடமும் முன்னெச்சரிக்கையாக எழுதிவைக்காத ஒன்றை ஷ்லிவார் செய்துவிட்டது.

"என் வியன்னா போச்சு," என்றார்.

ஸ்தாமெனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கைபோட்டாள். யாரோ ஒரு கோப்பை ராக்கியாவை நீட்டினார்கள். டாக்டர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஃப்ரீசரில் மிச்சம் வைத்திருந்த ஒரு சிவப்பு மூடியைத் திறந்து முகர்ந்தார். பழுத்த ப்ளம்ஸ் வாசனை. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் அதே வாசனை, கொஞ்சம் பழையது, நல்ல சரக்கு.

மறுநாள் அவர் திரும்பி வந்தபோது அழுத அடையாளம் இல்லை. சட்டைக் கைகளை மடித்துவிட்டிருந்தார்.

"நீங்க சொல்றது மட்டும் போதாது," என்றார் வெலிபோரிடம். "புடிமிரோட மொட்டு ஒண்ண வச்சு மேலிடத்துல சீல எடுக்க மாட்டாங்க. சொட்டு படாத இன்னொரு மொட்டு வேணும். இந்தக் கொப்பரைச் சரக்கையே குடிச்ச ஆளோடது. அப்படி மிச்சம் இருக்கறது ஊர்லயே ஒருத்தர்கிட்டதான்."

வெலிபோர் வயிற்றைத் தடவினார். வளைவில் ஒளிந்திருக்கும் மொட்டு.

அன்று முதல் அவருடைய குடல் ஊர்ச் சொத்தாயிற்று. கனமான எதையும் தூக்கவிடவில்லை. ஏணியில் ஏறியவரை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து மொட்டு நலமா என்று கேட்டார்கள். பால்காரி மட்டும், "எங்க பீப்பாய் மூணும் உங்க வயித்துலதான் இருக்கு அண்ணே, பத்திரம்," என்று கண்கலங்கினாள்.

போகிற நாளில் பித்தளை எக்காளக் கோஷ்டியே வந்துவிட்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற அதே கோஷ்டி. எந்த வகையைச் சேர்ந்தது இது என்று தெரியாததால் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். முதல் நாள் முழுக்க வயிற்றைக் காலி செய்யும் உப்புத்தண்ணீரைக் குடித்திருந்த வெலிபோருக்கு ஊர்வலத்தின் வேகம் போதவில்லை. பாதி வழியில் கோஷ்டியைத் தாண்டி ஓடினார். எக்காளக்காரர்கள் விடாமல் வாசித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் வாசித்த வாசிப்பில், நகர முடியாமல் இரண்டு மாதம் படுத்திருந்த ஒருவர் எழுந்து ஆடிவிட்டு, நினைவு வந்து திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

உள்ளே வெலிபோருடன் வர ஒருவருக்குத்தான் அனுமதி. ஊர் ஒருமனதாகப் புடிமிரை அனுப்பியது. முதல் தடவையாக ஒரு பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டது.

வெலிபோர் இடது பக்கம் சரிந்தார். திரையில் இளஞ்சிவப்புக் குகை ஒன்று விரிந்து, மடிந்து, விரிந்தது. வளைவு வந்தது. டாக்டர் நிறுத்தினார்.

"அதோ."

வெலிபோர் திரையைப் பார்த்தார். பட்டாணி இல்லை. பட்டாணியை எப்போதோ தாண்டியிருந்தது.

"வளர்ந்திருக்கா?"

"ம். இது எனக்குப் பிடிக்கல," என்றார் டாக்டர். "நீங்க இப்ப வந்தது நல்லதாப் போச்சு."

கம்பிச் சுருக்கு அதன் கழுத்தைச் சுற்றியது. இறுகியது. அவ்வளவுதான். ஒரு பாதி நுண்ணோக்கிக்காரரிடம் போனது. மறுபாதி சிவப்பு மூடிக் குப்பிக்குள் இறங்கியது. பக்கத்து நல்ல சதைத் துணுக்கு வெள்ளை மூடிக்கு. டாக்டர் கையுறை மாற்ற நகர்ந்தார்.

உடை மாற்றிக்கொண்ட வெலிபோர் மேஜை முன்னால் நின்றார். குப்பிக்குள் அது கிடந்தது. அவரைக் கொன்றிருக்கக்கூடியது. இருந்தாலும் அவருடையது. ஊரில் எல்லாருடைய மொட்டும் மரியாதையோடு போயிருக்க, இது மட்டும் வறண்டு போகப்போகிறது. அவர் கை தானாக உள்பைக்குப் போயிற்று. புட்டியை விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தார். ஆனால் கோட்டு பழைய கோட்டு. அதற்குப் புட்டி இல்லாமல் வெளியே வரத் தெரியாது.

குப்பியின் சிவப்பு மூடியைத் திறந்தேவிட்டார். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"கூமே, வேணாம்."

"ஒரே ஒரு சொட்டு, புடிமிர். யாருக்குத் தெரியப்போகுது?"

"மெஷினுக்குத் தெரியும்."

"பாதிச் சொட்டு."

"உன் கொப்பரை போயிடும்யா!"

"பாவம்டா அது. அநாதை மாதிரி போகுது."

வெலிபோரின் கண்ணில் நீர் நின்றது. கை கீழே இறங்கவில்லை. அவர் புடிமிரைவிடப் பலசாலி. முப்பத்தைந்து வருஷம் கொப்பரை மூடியைத் தூக்கிய கை அது. புட்டியின் வாய் குப்பியின் பக்கம் மெல்லச் சாய்ந்தது. புடிமிர் அந்தக் கணத்தில், வாழ்நாள் முழுக்கத் தான் பழகிய ஒரே வேலையைச் செய்தார். புட்டியைப் பிடுங்கி வாயில் கவிழ்த்து, மூச்சுவிடாமல், அடிவரைக்கும் குடித்துத் தீர்த்தார்.

காலிப் புட்டியைத் திரும்பக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்ப ஊத்து," என்றார்.

கையுறையோடு திரும்பி வந்த டாக்டர் நெவெங்கா பார்த்தது, இரண்டு கிழவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பதை. குப்பியின் மூடியைப் புடிமிர் மறுபடி திருகி இறுக்கியிருந்தார். அதை வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, தானே கையில் எடுத்துக்கொண்டு போனார்.

காத்திருந்த நாட்களில் பீப்பாய்களில் குமிழி குறைந்துகொண்டே வந்தது. வெலிபோர் காலையும் மாலையும் ஊறலில் காதை வைத்துக் கேட்டார். பக்குவம் வந்துவிட்டது. இதற்கு மேல் போனால் காடி. ஊறலிடம் அவர் பேச ஆரம்பித்ததாகவும், அது பதில் சொன்னதாகவும், ஆனால் என்ன சொன்னது என்று இருவருமே வெளியே சொல்லவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மதியம், டாக்டரின் சின்னக் கார் ஹாரனை அழுத்தியபடியே ஊருக்குள் வந்தது. பின்னாலேயே ஒப்ராட், கையில் கம்பி வெட்டும் குறடோடு. வீடுகளிலிருந்து ஜனம் கொட்டியது.

"மொட்டுல இருக்கற செம்பும் பக்கத்துச் சதையில இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!" காரின் கதவைத் திறக்கும் முன்பே கத்தினார் டாக்டர். "புடிமிரோடது மாதிரியே! குப்பியில இருந்த செம்பெல்லாம் நீங்க ஊத்தினதுதான், முளைச்சது இல்ல. உங்க ராக்கியாவையும் அளந்துட்டேன். அனுமதிச்ச அளவுக்குக் கீழதான்!"

"அப்ப கொப்பரை?" என்றார் வெலிபோர்.

ஒப்ராட் குறடைத் தூக்கிப் பிடித்தார். நேராகக் கொட்டகைக்குள் போனார். டக் என்று ஒரு சத்தம். ஈயச் சீல் தரையில் விழுந்து உருண்டது. அவர் மாமனாரின் பீப்பாய்களைப் பார்த்து ஒரு முறை கண்ணடித்ததாகச் சிலர் சொன்னார்கள்.

கூச்சல் அடங்க டாக்டர் காத்திருந்தார். பிறகு வெலிபோர் பக்கம் வந்தார்.

"இன்னொண்ணு இருக்கு. மறுபாதிய நுண்ணோக்கியில பார்த்தாச்சு. இன்னும் புற்றுநோய் ஆகல. ஆனா அந்த வழியிலதான் போய்க்கிட்டிருந்துச்சு. இன்னும் சில வருஷம் விட்டிருந்தா..."

"இப்ப?"

"இப்ப இல்ல. வேரோட எடுத்தாச்சு. அப்பப்ப வந்து காட்டிட்டுப் போனாப் போதும்."

ஸ்தாமெனா இதுவரை சும்மா நின்றவள், ஒப்ராட் பக்கம் திரும்பினாள்.

"ப்ளம்ஸ் முடியட்டும், ப்ளம்ஸ் முடியட்டும்னு இந்த மனுஷன் சாகறவரைக்கும் போயிருக்க மாட்டார். நீ சீல் வச்சது கொப்பரைக்கு இல்ல தம்பி, எமன் வாய்க்கு." சொல்லிவிட்டு, அத்தனை ஜனம் பார்க்க அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அதிகாரி சிவந்த சிவப்பில் பக்கத்தில் நின்றவர்கள் குளிர்காய்ந்தார்கள்.

டாக்டர் நெவெங்கா வியன்னாவுக்கும் போனார். செம்பு மொட்டில் குவிகிறது என்று சொல்லப் போனவர், எப்படிக் குவியவில்லை என்று சொன்னார். சிவப்பு மூடி, உள்பைப் புட்டி, ஒரு சொட்டு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவில் மட்டும் ஒரு பல்கேரியரும் ஒரு கிரேக்கரும் முகம் வெளுத்து எழுந்து, தங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட வெளியே ஓடினார்கள். அடுத்த ஆராய்ச்சிக்கு வேண்டிய பணம் அவருக்கு அங்கேயே கிடைத்தது. இந்த முறை குப்பிகளுக்குப் பூட்டு.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மதியமே வெலிபோர் நெருப்பு மூட்டினார். கொப்பரை சூடேறி முனகியது. குழாயின் மூக்கில் ஒரு சொட்டு திரண்டது, தயங்கியது, விழுந்தது. பிறகு நூலாக வந்தது. வெலிபோர் ஒரு விரலை நீட்டி நனைத்து, நாக்கில் வைத்தார். ஊரே அவர் கழுத்தைப் பார்த்தது. தலை ஆடியது. எக்காளங்கள் வெடித்தன. இந்தத் தடவை கல்யாண வாசிப்புதான், சந்தேகமில்லை.

கோப்பைகள் நிரம்பின. யாரும் வாயில் வைக்கவில்லை. வெலிபோர் முதல் கோப்பையைத் தரைக்குச் சாய்த்தார். சொட்டு இல்லாமல் போன அந்தக் கடைசி மொட்டுக்கு. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. முடிந்ததும் கூட்டம் புடிமிரைப் பார்த்தது.

புடிமிர் கையில் நிரம்பிய கோப்பை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டைவிரல் பழக்கத்தில் விளிம்புக்குப் போயிற்று. போன விரலைத் தானே எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முழுசாக. மண் குடிக்கிற சத்தம் கேட்டது.

"என் மொட்டுக்கு," என்றார். "மிச்சம் அப்பாவுக்கு."

ஷ்லிவாரில் எக்காளக்காரர்கள் வாசிக்க மறந்து நின்றது அந்த ஒரு முறைதான். புடிமிர் கண்ணைத் திறந்தார், காலிக் கோப்பையை வெலிபோரிடம் நீட்டினார்.

"இத நிரப்பு கூமே. நான் இன்னும் குடிக்கவே இல்ல."